தோற்ற ராத்திரியே தீர்ப்பு எழுதும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகப் பெருமக்களுக்கு,

படித்த பல்கலைக்கழகத்தின் கொடியை இன்னும் கீழே வைக்காத மிச்சிகன்காரர்களுக்கும், அலபாமாக்காரர்களுக்கும், ஒஹையோ ஸ்டேட்காரர்களுக்கும், அவர்களோடு மல்லுக்கு நிற்கும் மற்ற எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். சீசன் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆடுகிற அணிகளில் சரிபாதி தோற்றுத்தான் ஆக வேண்டும். தோற்ற அணியின் ரசிகர்கள் பத்தே நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார்கள். சில சமயம் சரியான ஆளைத்தான் பிடிக்கிறார்கள். பல சமயம், டிவிக்காரன் கடைசியாக யார் முகத்தைக் காட்டினானோ அவரை.

தவறைப் பேசாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பேசாவிட்டால் இந்த ஆட்டத்தின் ருசியில் பாதி போய்விடும். எங்களுக்கு இரண்டே குறைகள். கணக்குப் பார்க்காமல் பழி போடுகிறீர்கள். போட்ட பழியை அந்தப் பையனின் இன்ஸ்டாகிராம் வரை கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அதனால் எங்களுக்கு நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: தவறு செய்த மாணவர் எவருடைய பெயரும் இந்த மடலில் வராது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கோச்சுகளின் பெயர் தாராளமாக வரும்.

2015 அக்டோபர் 17, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர். மிச்சிகன் 23, மிச்சிகன் ஸ்டேட் 21. மீதி 10 விநாடி. எதிரணியிடம் டைம் அவுட் ஒன்றுகூட இல்லை. மிச்சிகனுக்கு நாலாவது டவுன் (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), இரண்டு யார்டு தேவை, பந்து எதிரணியின் 47 யார்டு கோட்டில். பன்ட் அடித்து, அதாவது பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துவிட்டு, ஆட்டத்தை முடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஸ்னாப், அதாவது முன்வரிசையிலிருந்து பின்னுக்கு அனுப்பும் பந்து, தாழ்வாக வந்தது, உதைக்க நின்ற பன்ட்டர் கையிலிருந்து நழுவியது, எடுத்து உதைக்கப் பார்த்தார், பந்து துள்ளி மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கைக்குப் போனது. அவர் 38 யார்டு ஓடி, கோல் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி டச் டவுன் போட்டபோது கடிகாரத்தில் சைபர். 27-23. அந்த ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட் முன்னிலைக்கு வந்ததே அந்த ஒரு முறைதான். ஓடி ஜெயித்துக் கொடுத்தவரும் கொண்டாட்டக் குவியலுக்கு அடியில் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்.

அன்று ராத்திரியே பன்ட்டருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மிச்சிகனின் விளையாட்டுத் துறையை அப்போது இடைக்காலப் பொறுப்பில் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஹேக்கெட், இது நம் பண்பல்ல என்று சொந்த அணியின் ரசிகர்களுக்கே பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பன்ட்டர் அதே ஆட்டத்தில் 80 யார்டு பன்ட் ஒன்று அடித்திருந்தார். அதைப் பாராட்டி ஒரு வரி போட எத்தனை பேருக்குத் தோன்றியது?

இப்போது கணக்குக்கு வருவோம். முதல் கேள்வி, பன்ட் ஏன் வந்தது? முந்தைய மூன்று டவுன்களில் அணி பத்து யார்டு எடுத்திருந்தால் வந்தே இருக்காது. முட்டியைத் தரையில் வைத்து ஆட்டத்தை முடித்திருக்கலாம். அதில் பன்ட்டருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. மிச்சிகன் ஸ்டேட் அந்தப் பன்ட்டுக்குப் பின்னால், பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடும் ரிட்டர்னரையே நிறுத்தவில்லை. எல்லோரையும் முன்னுக்குக் கொண்டுவந்து பன்ட்டை மறிக்க அனுப்பினார்கள். பந்தைப் பிடிக்க அங்கே ஆளே இல்லை என்றால், பிடிப்பவரை மடக்க ஆள் அனுப்பவும் அவசியம் இல்லை. பிடிப்பவரை மடக்க ஓடுவதற்காக இரண்டு ஓரத்திலும் நிற்கும் கன்னர்களை உள்ளே இழுத்து, பத்துப் பேரும் நின்று மறித்திருந்தால் பன்ட்டருக்குக் கூடுதலாக ஒரு விநாடியாவது கிடைத்திருக்கும். மிச்சிகன் வழக்கமான பன்ட் வரிசையிலேயே நின்றது. இது பெஞ்சில் நிற்பவர்களின் வேலை. மிச்சிகனின் அப்போதைய கோச் ஜிம் ஹார்பாவிடமும், உதை ஆட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சிடமும் கேட்க வேண்டியது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் கையில் பந்தைக் கொடுத்து, பின்னால் ஓடி நேரத்தைக் கரைத்துவிட்டு, மைதானத்துக்கு வெளியே உயரமாக எறியச் சொல்வது இன்னொரு வழி. அதில் ஓரிரு விநாடி மிஞ்சும் ஆபத்து இருக்கிறது. அதனால் பன்ட்டைத் தேர்ந்தெடுத்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டோம். தேர்ந்தெடுத்த பிறகு நின்ற விதம்தான் தப்பு.

மூன்றாவதாகத்தான் பன்ட்டரின் பங்கு. இருக்கிறது, மறைக்கவில்லை. பன்ட்டர் நிற்பது ஸ்னாப்பருக்கு 14, 15 யார்டு பின்னால். பந்து வந்து சேர முக்கால் விநாடி. கைக்கு வந்ததிலிருந்து காலில் படுவதற்கு 1.2, 1.3 விநாடி. மொத்தம் இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் கூட. பந்து கீழே விழுந்த கணத்திலேயே இந்தக் கணக்கு முடிந்துவிட்டது. அப்புறம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பந்தின் மேல் படுத்துவிடுவது. படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பந்து ஏறக்குறைய மிச்சிகனின் 38, 39 யார்டு கோட்டில் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போயிருக்கும். சில விநாடி மிஞ்சியிருக்கும். ஒரே ஒரு உதைக்கு நேரம். கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோலின் தூரத்துக்கு எப்போதும் 17 யார்டு கூட்டிக்கொள்ளுங்கள், கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் ஸோன் 10, ஹோல்டர் பின்னால் உட்காரும் 7. ஆக 55 யார்டுக்கு மேல். கல்லூரிக் கிக்கர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டாத தூரம். பன்ட்டர் செய்த தவறு, நழுவவிட்டது என்பதைவிட, நழுவிய பின்னும் உதைக்கப் பார்த்தது. அவர் ஆஸ்திரேலியாவில் வேறு வகை ஃபுட்பால் ஆடி வளர்ந்தவர். பந்து தரையில் கிடந்தால் எடுத்து உதைப்பதுதான் அங்கே பழக்கம். பத்து விநாடி மீதி இருக்கும்போது இந்த நிலைமை வந்தால் படுத்துவிடு என்று அவர் காதில் போட்டு அனுப்பினார்களா என்பதைக் கோச்சிடம்தான் கேட்க வேண்டும்.

பார்த்தீர்களா, ஒரே ஒரு ஆட்டக்கட்டத்தில் நாலு பேர் பங்கு. நீங்கள் போட்டது ஒரே ஒரு பெயர்.

கிக்கர்கள் கதைக்கு வருவோம், வசவில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான். ஃபீல்டு கோல் என்பது மூன்று பேர் வேலை. லாங் ஸ்னாப்பர் ஏழெட்டு யார்டு பின்னால் பந்தை அனுப்ப வேண்டும். அதை ஹோல்டர் பிடித்து, புள்ளியில் நிறுத்தி, தையல் கம்பத்தைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும். கிக்கர் பூட் அதில் பட வேண்டும். மூன்றும் சேர்ந்து 1.3 விநாடிக்குள். 1.4-ஐத் தாண்டினால் ஓரத்திலிருந்து பாய்ந்து வருபவன் கை பந்தில் பட்டுவிடும். ஸ்னாப் அரை அடி தள்ளி வந்தால் ஹோல்டர் கை நீளும், தையல் கிக்கர் பக்கம் நிற்கும், பந்து கோணும். டிவியில் நமக்குத் தெரிவது கிக்கர் தலையைக் குனிந்து நடப்பது மட்டும். ஹோல்டர் பெரும்பாலும் அணியின் பன்ட்டர் அல்லது மாற்று குவாட்டர்பேக். அவர் பந்தைச் சாய்த்துப் பிடித்தாரா என்று எத்தனை பேர் ரீப்ளேயில் பார்த்தீர்கள்?

ஒவ்வொரு ஆட்டக்கட்டத்துக்கும் பந்து வைக்கப்படும் எல்லையான கல்லூரி மைதானத்தின் ஹாஷ் மார்க்கையும் கணக்கில் சேருங்கள். கம்பங்களின் இடைவெளி கல்லூரியிலும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லிலும் ஒன்றே, 18 அடி 6 அங்குலம். என்எஃப்எல்லில் ஹாஷ் மார்க்குகளும் அதே அகலம்தான். கல்லூரியில் அவை 40 அடி தள்ளி நிற்கின்றன. பந்து ஹாஷில் இருந்தால் கிக்கர் நடுக்கோட்டுக்கு 20 அடி ஓரமாக நின்று அடிக்கிறார். 45 யார்டில் அது எட்டு டிகிரி சாய்வு, 26 யார்டில் பதினாலு டிகிரி. கிட்டத்தில் இருப்பதெல்லாம் சுலபம் என்று நினைக்கிறவர்களுக்கு இது புரிய வேண்டும். மூன்றாவது டவுனில் பந்தை நடுவுக்குக் கொண்டுவராமல் ஓரத்திலேயே ஒரு ஓட்டம் ஓடவிட்ட கோச், கிக்கர் தலையில் பாதிச் சுமையை ஏற்றிவிட்டார்.

2013 நவம்பர் 30 அலபாமா-ஆபர்ன் ஆட்டத்தை எடுங்கள். "அலபாமா கிக்கர் மூன்று ஃபீல்டு கோல் விட்டார்" என்று இன்றும் சொல்கிறார்கள். பிரித்துப் பாருங்கள். ஒன்று 44 யார்டிலிருந்து உண்மையிலேயே தவறியது. அடுத்தது 28 யார்டில் உள்ளே போய்விட்டது, ஆனால் ஸ்னாப்புக்கு முன்பே முன்வரிசை அசைந்ததால் ஐந்து யார்டு அபராதம், மறுபடி 33-லிருந்து அடித்தபோது தவறியது. மூன்றாவதை ஆபர்ன் மறித்தது. மறிக்கப்பட்ட உதைக்கு முன்வரிசையிலும் பங்குண்டு. ஏழு புள்ளி முன்னிலையில், சுமார் ஐந்து நிமிடம் மீதி இருக்கையில், ஆபர்ன் 13 யார்டு கோட்டில் நாலாவது டவுனுக்கு ஒரு யார்டு தேவைப்பட்டபோது, மூன்று புள்ளியை விட்டுவிட்டு ஓடச் சொன்னது அலபாமா கோச் நிக் சேபன். ஓட்டம் நின்றுபோனது. கிக்கர் மேல் நம்பிக்கை போனதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முடிவு கோச்சுடையது.

ஆபர்ன் 28-28 என்று சமன் செய்த பிறகு, கடைசி ஒரு விநாடியும் அப்படித்தான். அந்த விநாடியைக் கேட்டு வாங்கி, 57 யார்டு உதைக்கு வேறோர் இளம் கிக்கரை அனுப்பினார் சேபன். ஃபீல்டு கோல் குறைவாக விழுந்து களத்துக்குள்ளேயே கைக்கு வந்தால் பந்து உயிரோடுதான் இருக்கிறது, பிடித்து ஓடலாம். கிறிஸ் டேவிஸ் என்பவரை ஆபர்ன் எண்ட் ஸோனின் பின்கோட்டுப் பக்கம் நிறுத்தியிருந்ததை மைதானமே பார்த்தது. அலபாமா பக்கம் களத்தில் நின்றவர்கள் 130 கிலோ, 140 கிலோ முன்வரிசைக்காரர்கள். பன்ட்டுக்கு ஓடுகிற வேகக்காரர்கள் அல்ல. டேவிஸ் 109 யார்டு ஓடினார். 34-28. அதில் கிக்கரின் குற்றம் என்று பார்த்தால், இரண்டு மூன்று யார்டு குறைவாக உதைத்தது. அவ்வளவே. ஆனால் மிரட்டல் போனது சேபனுக்கு அல்ல, முன்பு தவறவிட்ட கிக்கருக்கு.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 2010 நவம்பர் 26 அன்று, ரீனோவில் பாய்ஸி ஸ்டேட் கிக்கர் 26 யார்டில் ஒன்று, ஓவர் டைமில் 29 யார்டில் ஒன்று என்று இரண்டையும் தவறவிட்டார். 34-31 என்று நெவாடா வென்றது, தொடர்ந்து 24 ஆட்டம் வென்றிருந்த பாய்ஸி முதல் தடவையாக விழுந்தது. இரண்டும் போட்டிருக்க வேண்டிய உதைகள், அதில் வாதம் இல்லை. ஆனால் பாதி ஆட்டத்தில் பாய்ஸி 24-7 என்று முன்னே நின்றது. அப்புறம் காலின் கேப்பர்னிக் குவாட்டர்பேக்காக ஆடிய நெவாடாவுக்கு 24 புள்ளியை விட்டுக்கொடுத்தது தடுப்பாட்டம். ரசிகர்கள் யாரும் அந்தப் பதினோரு பேரின் எண்ணைத் தேடி ஃபோன் போடவில்லை. இதே கிக்கர் அதே ஆண்டு ஜனவரியில் சீசன் முடிவு ஆட்டமான ஃபியஸ்டா பௌலில் பன்ட் அடிப்பதுபோல நின்று பந்தை எறிந்து டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணிக்கு எதிரான வெற்றிக்கு வழி போட்டவர் என்பதும் மறந்துபோனது.

உதையை விட்டு எறிதலுக்கு வந்தால் நம் ஊகம் இன்னும் மோசம். டச் டவுன் விழுந்ததும், எறிந்த பந்தைப் பிடித்த ரிசீவருக்குப் பக்கத்தில் யார் ஓடிவருகிறாரோ அவரே குற்றவாளி என்று எழுதிவிடுகிறோம். சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்குப் பரிமாறியவரைத் திட்டுகிற கதை. பல தடவை அவர் தன் ஆளை விட்டுவிட்டு, இன்னொருவர் விட்ட ஓட்டையை அடைக்க ஓடி வந்தவர். குவார்ட்டர்ஸ் கவரேஜில், அதாவது நாலு பேர் ஆழத்தைப் பங்கு போட்டுக் காக்கும் முறையில், உள்பக்க ரிசீவர் நேராக ஆழமாக ஓடினால் பின்வரிசைக் காவலரான சேஃப்டியின் பொறுப்பு. குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் காட்டினார், சேஃப்டி இரண்டடி முன்னால் வைத்தார் என்றால் வேலை முடிந்தது. வெளிப்பக்கத்து ரிசீவரைக் காக்கும் கார்னர் பதறி உள்ளே ஓடிவருகிறார், கேமரா அவர் முகத்தைத்தான் காட்டுகிறது. மேன் கவரேஜா (ஆளுக்கு ஆள் காவல்) ஸோனா (இடத்துக்குக் காவல்) என்று தெரியாமல் இதில் தீர்ப்பே சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்றுண்டு: ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவர் குறுக்கே நகரும்போது ஒரு தடுப்பாளர் கூடவே ஓடினால் பெரும்பாலும் மேன். எல்லோரும் ஒரு படி நகர்ந்து நின்றுகொண்டால் பெரும்பாலும் ஸோன்.

குவாட்டர்பேக் சாய்க்கப்பட்டால் உடனே இடது ஓரத்தில் மறித்து நிற்கும் டேக்கிள்மேல் பாய்கிறீர்கள். முதலில் எண்ணுங்கள். மறிக்க நின்றவர் எத்தனை, வந்தவர் எத்தனை. ஐந்து பேர் மறிக்க ஆறு பேர் வந்தால் ஒருவன் தடையின்றி வரத்தான் செய்வான். அவனைக் கண்டு பந்தை உடனே எறிவது குவாட்டர்பேக் வேலை. அந்த அவசர எறிதலுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியது ரிசீவர் வேலை. வந்தவர் நாலே பேர், மறித்தவர் ஆறு என்றால் மறித்தவர்களைக் கேளுங்கள். நாலு விநாடிக்கு மேல் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எந்த டேக்கிளும் காப்பாற்ற மாட்டார்.

எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடும் இன்டர்செப்ஷனிலும் இதே மயக்கம். ரிசீவர் உள்ளே திரும்புவார் என்று நினைத்து எறிந்தார், அவர் வெளியே திரும்பினார். பார்க்கிற நமக்குக் குவாட்டர்பேக் எதிரணிக்காரன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்ததுபோல் தெரிகிறது. அந்த ஓட்டத்தில் தடுப்பாளரைப் பார்த்து முடிவெடுக்கும் சுதந்திரம் ரிசீவருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததா, யார் தப்பாகப் படித்தார் என்பது அந்த அறைக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு பேரையும் ஒரே சட்டத்தில் காட்டும் கோச் ஃபிலிம் கல்லூரி ஆட்டத்தில் ரசிகர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. மதிப்பெண் போடுகிற பிஎஃப்எஃப் நிறுவனத்தாருக்கும் கோச் எந்த ஆட்டத் திட்டத்தை அழைத்தார் என்று தெரியாது. பார்த்ததை வைத்து ஒவ்வொரு ஆட்டக்கட்டத்துக்கும் கூட்டல் இரண்டிலிருந்து கழித்தல் இரண்டு வரை போடுகிறார்கள். சீசன் முழுவதுக்கும் சேர்த்துப் பார்க்க நல்ல கருவி. ஒரே ஆட்டத்தின் 48.3 மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஒரு பையனை அடிக்கக் கிளம்புவதற்கு அல்ல.

2024 ஜனவரி 1, ரோஸ் பௌல். ஓவர் டைமில் மிச்சிகன் 27, அலபாமா 20. அலபாமாவுக்கு நாலாவது டவுன், மூன்று யார்டு. குவாட்டர்பேக் நேராக உள்ளே ஓடும் ஆட்டம் அழைக்கப்பட்டது, ஸ்னாப் தாழ்வாக வந்தது, அடைபட்டார். அன்று முழுக்கவே ஸ்னாப் தடுமாறியது உண்மை. குவாட்டர்பேக் கண்ணைக் கீழே இறக்கிப் பந்தைப் பொறுக்குவதற்குள் அரை விநாடி போய்விடும், அதற்குள் ஓட்டை மூடிவிடும். ஸ்னாப் அனுப்பும் சென்டரின் தவறு என்று எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. ஆனால் ஆறு தடவை குவாட்டர்பேக்கைச் சாய்த்திருந்த தடுப்பாட்டத்தின் நடுவயிற்றிலேயே கடைசி ஆட்டத்தை அனுப்பியது யார்? ஸ்னாப் தடுமாறுகிறது என்று தெரிந்த பிறகும் குவாட்டர்பேக்கைச் சென்டரிலிருந்து தள்ளி நிற்கவைத்தது யார்? இதைவிட முக்கியம், அந்த சென்டர் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போய் அதே 2024 சீசனில் நாட்டின் தலைசிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை வாங்கினார். உங்களில் பலர் அவரை ஆடவே தெரியாதவர் என்று முத்திரை குத்தியிருந்தீர்கள்.

"இப்போதுதான் இவர்களுக்குப் பணம் வருகிறதே, திட்டினால் என்ன?" என்று ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து பெயர், உருவ உரிமையில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்குப் பகிரலாம். வாங்குகிறவரைக் கடுமையாக விமர்சிக்கலாம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பணம் சரிசமமாகப் போகவில்லை. பெரும்பகுதி குவாட்டர்பேக், டேக்கிள், குவாட்டர்பேக்கைத் துரத்தும் பாஸ் ரஷர்களுக்கு. ஸ்னாப்பர், ஹோல்டர் இவர்களில் பலர் உதவித்தொகைகூட இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள். அப்புறம், விமர்சனம் வேறு, பெட்டிங்கில் விட்ட காசுக்கு மாணவரின் செய்திப் பெட்டியில் போய் அழுவது வேறு. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெட்டிங்கை அனுமதிக்க மாநிலங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு இந்த இரண்டாவது வகை பெருகிவிட்டது. ஒரு ரிசீவர் இத்தனை யார்டு எடுப்பாரா என்று தனியாளின்மேல் கட்டும் பந்தயத்தைக் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்யச் சொல்லி, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் 2024 மார்ச்சில் மாநிலங்களைக் கேட்டதற்குக் காரணங்களில் ஒன்று இந்தத் தொல்லைதான்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி எவ்வளவு வேண்டுமானாலும் புலம்புங்கள், பெயர் போட்டுத் தீர்ப்பு எழுதுவதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தள்ளிவையுங்கள். அதற்குள் அந்த ஆட்டக்கட்டத்தை மூன்று தடவை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் தடவை பந்தையே பார்க்காமல் முன்வரிசையை மட்டும், எண்ணிக்கைக்காக. இரண்டாம் தடவை சேஃப்டிகள் காலை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று. மூன்றாம் தடவைதான் பந்து. டவுன், தூரம், மீதி நேரம், மிச்சமிருந்த டைம் அவுட் நாலையும் எழுதிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். இந்த நாலும் இல்லாத பதிவுக்குப் பதில் எழுத வேண்டாம் என்று உங்கள் குழுவிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களை டேக் செய்வதை அட்மின்கள் தடுக்கலாம், அது ஒரு நிமிட வேலை. மிரட்டல் கண்ணில் பட்டால் வாதாடிக்கொண்டிருக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தத் தளத்துக்கும் பல்கலைக்கழகப் போலீசுக்கும் அனுப்பிவிடுங்கள்.

கோச்சுகளை விடாதீர்கள். கன்னர்களை ஏன் வெளியே நிறுத்தினார், பந்தை ஏன் நடுவுக்குக் கொண்டுவரவில்லை, நாலாவது டவுனில் ஏன் உதைக்கவில்லை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்லத்தான் அவருக்குத் திங்கட்கிழமை பத்திரிகையாளர் சந்திப்பு.

இப்படிக்கு,
உங்களோடு அதே சனிக்கிழமைகளைப் பார்க்கும் சில தமிழ் ரசிகர்கள்